மலைக்குப் போ, விசாரித்துவிட்டுப் போ

அன்பு மீனாவுக்கு,

அரசு டாக்டர் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வில் தேறிவிட்டாய் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. கவுன்சலிங்கில் கல்வராயன்மலைப் பக்கம் காலியிடம் வந்தால் எடுப்பதா, விடுவதா என்று கேட்டிருந்தாய். எடுத்துக்கொள். ‘சேவை’ என்று சொல்லி உன்னை மலையேற்ற எனக்கு மனமில்லை. எனக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

கிராமத்துக்கு டாக்டர் வருவதில்லை என்று பேசுகிறவர்கள் எப்போதும் இளம் டாக்டர்களைத்தான் குறை சொல்கிறார்கள். கேட்டாலே எனக்குக் கோபம் வரும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு டாக்டர்கள் வந்தது யாருடைய உபதேசத்தாலும் இல்லை. அரசு டாக்டர்களுக்கு மாநில ஒதுக்கீட்டுப் பி.ஜி. இடங்களில் பாதி என்று நம் மாநிலம் செய்து வைத்த ஏற்பாடுதான் அவர்களை இழுத்தது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பி.எச்.சி.யில் வேலை பார்த்துக்கொண்டே படித்து சர்ஜனானார்கள், மகப்பேறு மருத்துவரானார்கள். தாலுகா ஆஸ்பத்திரிகளில் சிசேரியன் நடப்பதற்கு அவர்கள்தான் காரணம். 2017-ல் அந்த ஒதுக்கீடு நீதிமன்றத்தில் அடிபட்டபோது எங்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. உன்னைப் போகச் சொல்வதற்கு ஒரு காரணம் இதுதான்.

ஆனால் ஒதுக்கீடு ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். தங்க வைப்பது கூட இருக்கிறவர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி, பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஸ்டாஃப் நர்ஸ் ஆக்ஸிடாசின் ஏற்றிவிட்டு, அடிவயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்தபடியே, “டாக்டர், அந்தக் கையில இன்னொரு லைன் போடுங்க” என்றார். கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார்: கல்லாக இறுகியிருந்தது. எந்தப் பேராசிரியரும் எனக்கு அதை அப்படிச் சொல்லித் தந்ததில்லை. அந்த நர்ஸும் அந்த ஊசியும் இல்லாத இடத்தில் நான் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

அந்த மலைக்குப் பக்கத்திலேயே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-ல் அங்கே ஒரு குடிசையில்தான் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களையே பழக்கி நர்ஸாக்கினார்கள், சுகாதாரப் பணியாளராக்கினார்கள். இன்றும் அந்த ஆஸ்பத்திரி நடக்கிறது. லீவு கிடைத்தால் அவசியம் போய்ப் பார்.

கூட இருக்கிறவர்கள்தான் முக்கியம் என்பதால் கவுன்சலிங்குக்கு முன்னாடியே நேரில் போய் விசாரி. இரண்டாவது டாக்டர் இருக்கிறாரா, பெயர் பலகையில் மட்டும் இருக்கிறாரா? நர்ஸ் மூன்று ஷிஃப்டுக்கும் உண்டா? குவார்ட்டர்ஸில் தண்ணீர் வருகிறதா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா? 108 எங்கிருந்து வர வேண்டும்? ராத்திரியில் வாட்ச்மேன் உண்டா? இதெல்லாம் கேட்கக் கூச்சப்படாதே. இவற்றைச் சரிசெய்து தராமல் ‘டாக்டர் ஓடிவிட்டார்’ என்று சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. குறை இருந்தால் சேர்ந்த வாரமே எழுதிக் கொடு, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்.

வயசுப் பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்புவதா என்று உங்கம்மா அழுகிறாளாம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நீ இடத்தைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு போன் பண்ணு. அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா