கோல்டன் மைலில் கார் பார்க்கப் போனோம்

விக்ரோறியா பார்க் சந்தியிலிருந்து பேர்ச்மவுண்ட் சந்தி வரைக்கும் எக்ளின்ரன் வீதியைக் கடக்க, சிவப்பு விளக்குகள் மனம் வைத்தால் ஐந்து நிமிடம் காணும். ஸ்காபரோவில் வளர்ந்த எங்களுக்கு இது படம் பார்க்கவும் கட்டில், மேசை வாங்கவும் போகிற வழி. கோல்டன் மைல் என்று பெயர். தங்கம் எதுவும் கண்ணில் படாது. அகலமான வீதி, நடுவில் தண்டவாளம், இரண்டு பக்கமும் பெரிய பெரிய வாகனத் தரிப்பிடங்கள், இடைக்கிடை கொடி பறக்கவிட்டுக் கார் விற்கிற டீலர்கள். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் அந்தக் கார்களின் முகங்கள் மட்டும் வீதியைப் பார்த்தபடி துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பக்கத்தில் ஒரு பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். போர் முடிந்ததும் ஸ்காபரோ நிர்வாகம் அந்தக் காணியை வாங்கித் தொழிற்சாலைகளை வரவழைத்தது. வரிக்காசு நிறைய வந்ததால்தான் இந்தத் தங்கப் பெயர். 1954இல் இங்கே திறந்த பிளாசாவை 1959இல் எலிசபெத் மகாராணியே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜெனரல் மோட்டோர்ஸ் வான்கள் செய்த தொழிற்சாலையும் இதே வீதியில்தான் இருந்தது. 1993இல் அதை மூடினார்கள். கார் செய்த தெரு அதோடு கார் விற்கிற தெருவாக மட்டும் ஆகிவிட்டது. இப்போது டீலர்களின் காணிகளிலும் கண் விழுந்துவிட்டது; சுற்றிவர அடுக்குமாடிகளுக்கான அறிவிப்புப் பலகைகள்.

அப்பா தன் முதல் காரை இங்கேதான் வாங்கினார், 1991 மாரி தொடங்குகிற நேரம். எனக்குப் பன்னிரண்டு வயது. எதிர்ப்பக்கத்தில் வான் தொழிற்சாலை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு விடியக் காலை வேலை, இரண்டு பஸ் மாற வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், வேகமாகக் கதைத்தால் பிடிபடாது. அதனால் நான் மொழிபெயர்ப்பாளர். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இந்த உத்தியோகம் தெரிந்திருக்கும். வங்கி, டொக்டர், பள்ளிக்கூடம், கார்க்கடை என்று எங்கள் வயதுக்கு மீறிய வசனங்களை இரண்டு பக்கமும் சுமந்தவர்கள் நாங்கள்.

அந்த விற்பனையாளர் அப்பாவைப் பார்க்கவே இல்லை, என்னோடுதான் கதைத்தார். துருப்பிடிக்காமல் அடியில் ஒரு பூச்சு அடிக்க வேணும், இந்த ஊர் உப்புக்கு அது இல்லாமல் கார் நிக்காது, அப்பாவிடம் சொல்லு என்றார். சொன்னேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடிச்சா நல்லது எண்டு சொல்லுறாரோ, இல்லாட்டிக் கட்டாயம் அடிக்கத்தான் வேணும் எண்டு சொல்லுறாரோ? அதைக் கேள்" என்றார். கேட்டேன். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை, தாளைத் திருப்பி அப்பாவின் பக்கம் வைத்தார். அடுத்த கிழமை பனி வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அப்பா கையொப்பம் வைத்தார்.

கார்க்கடை வேலை செய்கிற விதத்தை அவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் கேட்டு நான் அறியவில்லை. நல்லதா, கட்டாயமா? இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் அவர்களுடைய லாபத்தில் ஒரு பெரிய பங்கு இருக்கிறது.

போன ஒக்ரோபரில் மகளோடு அதே தெருவுக்குப் போனேன். அவளுக்குப் பத்தொன்பது. தாதியர் படிப்பு, பயிற்சி ஏஜாக்ஸில் ஒரு ஆஸ்பத்திரியில். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் எங்கள் பக்கத்தில் இல்லை. இரண்டு வருடம் பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசு அவளிடம் இருந்தது. இணையத்தில் பார்த்து ஒரு பழைய சின்னக் காரைத் தெரிவுசெய்து வைத்திருந்தாள். மிச்சத்துக்குக் கொஞ்சம் கடன்.

வாசலில் வந்த தம்பி எங்கட ஆள். இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல கோட், இன்னும் நல்ல தமிழ். "வாங்கோ அக்கா, எந்தப் பக்கம் நீங்கள்?" என்றார். ஊர் தெரிந்ததும் தன் அம்மம்மாவின் ஊர் பக்கத்தில் என்றார். உண்மையாகவே இருக்கலாம். "எங்கட ஆக்களுக்கு நான் வேற மாதிரிச் செய்து தருவன்" என்பது அடுத்த வசனம். தமிழ் ரேடியோவிலும் பேப்பரிலும் வருகிற கார் விளம்பரங்களும் இந்த வசனத்தில்தான் நிற்கின்றன. எனக்கு அதில் கோபமில்லை. விற்றால்தான் அவருக்குக் கொமிஷன், வீட்டு வாடகை அதிலிருந்துதான் போகும். ஆனால் தமிழ் கேட்டவுடன் ஒரு கூச்சம் வந்து உட்கார்ந்துவிடுகிறது பாருங்கள், விலையைத் திருப்பிக் கேட்டால் மரியாதையில்லை என்பது போல. வெள்ளைக்காரர் ஒருவரிடம் தயங்காமல் கேட்கிறதை அம்மம்மாவின் பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்க வாய் வராது. அது அவருக்கும் தெரியும், அவருடைய மனேஜருக்கும் தெரியும்.

அவர் முழுக்க என்னோடுதான் கதைத்தார். முப்பத்து நாலு வருடத்துக்கு முன்னர் அப்பாவை விட்டுவிட்டு என்னோடு கதைத்தார்கள். இப்போது மகளை விட்டுவிட்டு என்னோடு. இரண்டு முறையும் காசு கட்டுகிறவர் வேறு. மகள் தன் கனடாத் தமிழில், "அண்ணா, கார் எனக்கு. அம்மா சும்மா வந்தவ" என்றாள். அவர் ஒரு கணம் தடுமாறி, பிறகு கதிரையை அவள் பக்கம் திருப்பினார். அதற்காக அவருக்கு ஒரு புள்ளி போடத்தான் வேணும்.

பழைய காரைக் காட்டுவதற்கு முன்னர் புதுசு ஒன்றைக் காட்டினார். ஒரு வெள்ளைத் தாளை நாலு கட்டமாகப் பிரித்தார்: காரின் விலை, கொடுக்கிற பழைய கார், முற்பணம், தவணைக்காசு. கதை முழுக்க நாலாவது கட்டத்திலேயே நின்றது. "கிழமைக்கு 104 டொலர் 50 சதம். ஒரு நாளைக்குப் பதினைஞ்சு டொலர்கூட இல்லை, தங்கச்சி."

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வரியெல்லாம் சேர்த்து 30,000 டொலர் கடன், 7 வீத வட்டி, 7 வருடம். மாதத்துக்குச் சொன்னால் கிட்டத்தட்ட 453 டொலர், கேட்க நெஞ்சு திக்கென்னும். அதையே கிழமைக்கு உடைத்தால் சின்னத்தொகை. மகள் போனை எடுத்து 364 கிழமையால் பெருக்கினாள். 38,000 டொலருக்கு மேலே வந்தது. வட்டி மட்டும் 8,000. அதே கடனை 5 வருடத்தில் கட்டினால் மாதம் 594 டொலர், வட்டி 5,600 அளவில் நிற்கும். 7 வருடத்துக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. நடுவில் காரை மாற்ற வெளிக்கிட்டால், காரின் பெறுமதியைவிடக் கடன் மிச்சம் கூடவாக இருக்கும். அந்த மிச்சத்தை அடுத்த காரின் கடனுக்குள் சத்தமில்லாமல் தள்ளிவிடுவார்கள். எங்கள் உறவுக்குள்ளேயே நாலு வருடத்துக்கு ஒருக்கால் கார் மாற்றி, கடனிலிருந்து வெளியே வராத குடும்பம் உண்டு.

"அண்ணா, கிழமைக் கணக்கு வேண்டாம். திறப்பைக் கையில தரும்வரைக்கும் மொத்தம் எவ்வளவு? நான் கேட்ட பழைய காருக்குச் சொல்லுங்கோ" என்றாள். "மனேஜரிட்டக் கேட்டிட்டு வாறன்" என்று எழும்பிப் போனார். கண்ணாடி அறைக்குள் இரண்டு பேரும் சிரித்துக் கதைப்பது தெரிந்தது. எங்களுக்குக் கோப்பி வந்தது. இருபது நிமிடம் இப்படி இருக்கவைப்பதும் ஒரு உத்தி என்றுதான் நான் நினைக்கிறேன். காத்திருந்த மனுசருக்கு வெறுங்கையோடு எழும்பிப் போக மனம் வராது.

ஒன்ராறியோவில் 2010இலிருந்து சட்டம் இது: டீலர் விளம்பரத்தில் ஒரு விலை போட்டால், தான் அறவிடப்போகிற எல்லாக் கட்டணமும் அதற்குள் அடங்க வேண்டும். விற்பனை வரி 13 வீதமும், இலக்கத் தகட்டுக் கட்டணமும்தான் வெளியே நிற்கலாம். ஏற்கனவே காரில் பூட்டி வைத்த சாமானுக்குக் காசு கேட்பதென்றால் அதுவும் விலைக்குள் இருக்க வேண்டும். டீலர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்துக் கண்காணிக்கிற அமைப்புக்கு ஓம்விக் என்று பெயர். முறைப்பாடு அங்கேதான் போகும்.

இதைச் சொல்லக் காரணம், அடுத்த அறையில் நடந்தது. விலை ஒத்துவந்த பிறகு கடன் பத்திரம் எழுத இன்னொரு சின்ன அறைக்குக் கூட்டிப் போவார்கள். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மூச்சு விடுகிற இடத்தில் இரண்டாவது விற்பனை தொடங்குகிறது: நீடித்த உத்தரவாதம், வர்ணப் பூச்சுப் பாதுகாப்பு, ரயர்க் காப்புறுதி. அங்கிருந்த பெண்மணி ஒவ்வொன்றையும் கிழமைக்கு ஆறு டொலர், நாலு டொலர் என்று சொன்னார். மகள் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியாகக் கண்ணாடியில் திருட்டுத் தடுப்பு இலக்கம், 699 டொலர். "அது எங்கட எல்லாக் காருக்கும் ஏற்கனவே போட்டாச்சு, எடுக்க ஏலாது."

"நல்லதா, கட்டாயமா?" என்று அப்பாவின் கேள்வியை அவள் கேட்கவில்லை. அந்தக் கதை அவளுக்குத் தெரியாது. அவள் கேட்டது, "விளம்பரத்தில போட்ட விலைக்குள்ள இது இருந்ததா?" பதில் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். எனக்கு உள்ளுக்குள் பதறியது, காரும் நல்ல கார். வாய் திறக்காமல் பின்னால் போனேன்.

தம்பி தரிப்பிடம் வரைக்கும் ஓடிவந்தார். இந்த முறை விற்கிற குரல் இல்லை. "அக்கா, அந்த 699ஐ எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கிறன். உங்கட நம்பரைத் தாங்கோ." மகளின் நம்பரைக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மாதக் கடைசியில், அவளுக்குத்தான் அழைப்பு வந்தது. 699 இல்லை, விளம்பர விலையும் வரியும் இலக்கத்தகடும் மட்டும். திரும்பப் போனோம். வீதிக்கு அப்பால் பாரந்தூக்கி ஒன்று நின்றது. அந்த மாதிரிப் புது அடுக்குமாடியில் வீடு வாங்க எழுதிக் கொடுத்தவருக்கு மனம் மாற 10 நாள் அவகாசம் சட்டத்தில் உண்டு. டீலரிடம் கார் வாங்கியவருக்கு ஒரு நாளும் இல்லை. கையொப்பம் வைத்தால் வைத்ததுதான். முன்னர் டாக்சியாக ஓடியது, ஓடிய தூரம் போன்ற சிலதைப் பத்திரத்தில் ஒழுங்காகக் காட்டாமல் விற்றால் மட்டும் 90 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

மகள் பத்திரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தாள். நாற்பது நிமிடம். தம்பி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார், மூன்றாம் தரம் மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு இருந்தார். இரண்டாம் பக்கத்தில் ஓடிய தூரம் எழுதுகிற கட்டம் வெறுமையாக இருந்தது. விரலை அதில் வைத்துக் காட்டி, பேனையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அவர் வெளியே போய்க் காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து வந்து எழுதினார்.