விரல் கறை

அம்மாவின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும். சவர்க்காரத்துக்கு மசியாத கறுப்பு. சொதிக்குப் பிழிந்த தேசிக்காய் மூடியை எடுத்துவைத்துக்கொண்டு, இரவில் அடுப்படியில் உட்கார்ந்து தேய்ப்பார், கொஞ்சம் வெளுக்கும். மறுநாள் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய், கூடையைத் தலையில் மாட்டி, மலையேறித் திரும்பினால் பழையபடி. கொழுந்துக் கறை என்போம். டிக்கோயாப் பக்கத்து ஸ்டோர் ஒன்றில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், முப்பது வருடத்துக்கு மேல் டீ மேக்கராக இருந்துவிட்டு வந்த பிறகு யோசித்தால், அந்தக் கறையை டன் கணக்கில் உண்டாக்கியதுதான் நான் பார்த்த வேலை.

வாழைப்பூ அரிகிறவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். அரிந்ததை உடனே தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகும். கத்தரிக்காயும் அப்படித்தான். தேயிலைக் கொழுந்தில் அதே சங்கதிதான், சரக்குதான் அதிகம். காய்ந்த எடையில் ஏறக்குறைய கால்வாசிக்குப் பொலிபீனோல்கள். அவற்றில் பெரும்பகுதி கேட்டகின்கள். நிறம் கிடையாது, துவர்ப்பு மட்டும் உண்டு. இந்தக் கேட்டகினை ஒட்சிசனோடு சேர்த்துவைக்கும் நொதியமும் அதே கலத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் சந்திப்பதில்லை. லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்துகொண்டு முகம் கொடுக்காத இரண்டு குடும்பங்கள் மாதிரி, கேட்டகின் புன்வெற்றிடத்திலும் நொதியம் பச்சையவுருமணிப் பக்கத்திலும் குடியிருக்கின்றன. நடுவே மென்சவ்வு. கிள்ளுகிற விரல் அந்தச் சுவரைக் காம்பு முனையில் உடைக்கிறது. ஸ்டோரில் கொழுந்தை உருட்டுகிற ரோலர் எல்லாக் கலத்திலும் உடைக்கப் பார்க்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. கிள்ளியதும் இலை செத்துவிடுவதில்லை. சாக்கில் அமுக்கிக் கட்டிய கொழுந்துக்குள் கையை விட்டுப் பாருங்கள், சுடும். இலை இன்னும் மூச்சு விடுகிறது. தன்னிடமுள்ள சீனியை எரித்துக்கொண்டிருக்கிறது. காற்றுப் போக வழியில்லாமல் லொறியில் இரண்டு மணி நேரம் கிடந்தால் சாக்கின் நடுக்கொழுந்து சிவந்துவிடும். அதை ஸ்டோருக்குள் எந்தக் கெட்டிக்காரனும் திருத்த முடியாது. நல்ல தேயிலைக்குப் பாதிப் பொறுப்பு சாக்குக் கட்டுகிறவனுக்கு என்று நான் சொன்னால் சின்னத்துரைமார் சிரிப்பார்கள்.

வந்த கொழுந்தை மாடியில், வலை விரித்த தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றாடி போட்டு இராமுழுக்க வாட்டுவோம். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து, எழுபத்தெட்டுப் பங்கு தண்ணீர். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைப்பதன் காரணம் அதுதான். வாடும்போது தண்ணீர் மட்டும் குறைவதில்லை. பசித்த இலை தன் புரதத்தை உடைத்து அமினோ அமிலமாக்கிக்கொள்கிறது. கலத்தின் மென்சவ்வுகள் தளர்கின்றன. கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கி விட்டால், முறியாமல் பந்து போலக் கிடந்து மெல்ல விரியவேண்டும். அதுதான் பக்குவம்.

தண்ணீர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மழை நாளில் அம்மா நிறுத்த கொழுந்தில் ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் மழைத்தண்ணீர் வேறு, உள்ளே இலையாகவே இருக்கும் தண்ணீர் வேறு. கழிக்கிறவர் கண்மதிப்பில் கழித்தார். பின்னாளில் நானும் ஸ்டோர்ப் பக்கம் நின்று கணக்கெழுதினேன், ஆகவே இதற்குமேல் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

உருட்டும் அறைக்கு வருவோம். 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், தன் பங்களா வராந்தாவிலேயே மேசைமேல் போட்டுக் கையால் உருட்டச் செய்தார். என்சைம் என்ற சொல்லே அதற்குச் சுமார் பத்து வருடம் கழித்துத்தான் உண்டானது. உருட்டிய இலை சிவப்பதை வெகுகாலம்வரை கள்ளுப் புளிப்பது மாதிரியான வேலை என்றே நம்பினார்கள். அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. இன்றும் நாங்கள் 'பெர்மெண்டேஷன்' என்றுதான் சொல்கிறோம். ஈஸ்டும் இல்லை, கிருமியும் இல்லை, இலையின் சொந்தச் சாமான் மட்டுமே. செம்பு அணு பொருந்திய ஒரு புரதம் காற்றிலிருந்து ஒட்சிசனை வாங்கிக் கேட்டகினிடம் கொடுக்கிறது. செம்பு குறைந்த மண்ணில் வளர்ந்த கொழுந்து, மலாவிப் பக்கம், எவ்வளவு உருட்டினாலும் சரியாகச் சிவக்காமல் கிடந்திருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம். கொப்புள நோய் 1946-இல் இந்த மலைகளுக்கு வந்தது; அதற்குச் செம்பு மருந்து தெளிக்கிறவர்களை நான் நஞ்சு தெளிக்கிறவர்களாகவே பார்த்துவந்தேன்.

ஒட்சியேறிய கேட்டகின்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்தால் தியாஃபிளேவின். பொன்னும் சிவப்பும் கலந்த பளபளப்பும் நாக்கைச் சுண்டும் சுறுசுறுப்பும் அதனுடையவை. இன்னும் போனால் பெரிதாகிச் சிக்கலாகித் தியாருபிஜின். கனமும் கருஞ்சிவப்பும் அதனால். அசாமில் வேலை செய்த ரொபர்ட்ஸ் என்ற வேதியியலாளர் 1950-களில் இவற்றைப் பிரித்துப் பெயரிட்டார். முதலாவது ஏறி, உச்சிக்குப் போய், பிறகு குறையும். இரண்டாவது ஏறிக்கொண்டே போகும். டீ மேக்கருக்குச் சம்பளம் அந்த உச்சியைப் பிடிப்பதற்காக.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது ரோலர் அறையில் ஒரு பெரியவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. உருட்டி உடைந்த தூளை ஒரு கைப்பிடி அள்ளி மூக்கில் வைப்பார். பச்சைவாடை போய், பழம் மாதிரி ஒரு மணம் எழும்பி, அது மங்கத் தொடங்குமுன் கையைத் தூக்குவார். "தம்பி, கடியாரத்தப் பாக்காத. இன்னைக்கு வெயிலு. சீக்கிரம் வந்துரும்" என்பார். அவர் சொன்னது சரி. நொதியத்துக்குச் சூடு பிடிக்கும். சூடு ஏறினால் வேலை விரைவாகும், ஆனால் பளபளப்பான சரக்கைவிட மட்டமான கருஞ்சரக்கு கூடும். ஹட்டன் 4,000 அடிக்கு மேல். இங்கேயும் நுவரெலியாவிலும் குளிர் அந்த ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கிறது. மேல்நாட்டுத் தேத்தண்ணியின் வெளிச்சத்துக்கு அது ஒரு காரணம். தை, மாசியில் வறண்ட காற்றும் இராக்குளிரும் சேர்ந்து வரும்போது கொழுந்து குறையும், மணம் கூடும். திம்புள்ளைப் பக்கத்துக்கு அதுதான் பருவம். ஊவாவுக்கு ஆடி, ஆவணிக் கச்சான் காற்று. செடி தவிக்கும்போது மணக்கிறது என்று எழுதலாம்தான், ஆனால் அந்த மாதங்களில் கொழுந்தில்லாமல் வேலை நாள் குறைகிறவர்களும் தவிக்கிறார்கள்.

நிறுத்துவது டிரையர். உள்ளே 90 பாகைக்கு மேல் சூடான காற்று. வெளியேறும் காற்று 50-ஐ ஒட்டி இருக்கவேண்டும். புரதம் சுருண்டு நொதியம் சாகிறது, ஈரம் நூற்றுக்கு மூன்றளவுக்கு இறங்குகிறது. தேயிலை கறுப்பதும் பெரும்பாலும் இங்கேதான்: பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியம் புளிப்பிலும் சூட்டிலும் கழன்றுவிட, பச்சை கறுப்பாகிறது. வெளியேறும் காற்றின் சூடு குறைந்தால் இலை காய்வதற்குப் பதில் அவியும். நொதியமும் உடனே சாகாது. கோப்பையில் ஊற்றினால் மந்தமாக, செத்த சுவை.

2022 பங்குனி. நாட்டில் டீசல் இல்லை, மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை போனது. மூன்றாம் உருட்டு ஓடும்போது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் பற்றாது. தூளை மெல்லிசாகப் பரப்பச் சொன்னேன், கதவுகளைத் திறந்து குளிரை உள்ளே விட்டேன், ஈரச்சாக்குத் தொங்கவிட்டேன். உடைந்த சுவரை என்ன செய்தும் ஒட்டவைக்க முடியவில்லை. செப்பு நிறம் முதலில் மாநிறமாகி, விடிவதற்குள் மண்ணாகிவிட்டது. பழம் மணம் போய்ப் புளித்த வாடை. முழு வாழ்நாளில் அந்த ஓட்டத்தை அத்தனை நேரம் நிறுத்தாமல் நான் பார்த்ததில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு பக்கம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்தும் இருந்தது.

அந்த வருடம் கொழுந்தே நோஞ்சான். முந்தின வருடம் சித்திரை கடந்து இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள், கார்த்திகையில் விலக்கினார்கள். நொதியம் புரதம், புரதத்துக்கு நைதரசன் வேண்டும், கஃபீனுக்கும் வேண்டும். கிள்ளுகிற ஒவ்வொரு கொழுந்தோடும் மண்ணிலிருந்து கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கிறது. திருப்பிப் போடாவிட்டால் இலை மஞ்சளிக்கிறது. 2021-இல் ஏறக்குறைய 30 கோடிக் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, அடுத்த வருடம் 25 கோடிக்கு இறங்கியது. பசித்த செடியின் கொழுந்தை ரோலரில் போட்டாலே வித்தியாசம் தெரியும். சாறு கையில் ஒட்டாது.

அம்மா பென்சன் எடுத்துச் சில வாரத்தில் விரல்கள் வெளுக்கத் தொடங்கின. தோல் உரிந்து புதிது வந்தது, நகமும் வளர்ந்து கறையை வெளியே தள்ளியது. கடைசியில் வேறு யாருடையதோ மாதிரிச் சுத்தமான கை. அதற்குப் பிறகும் கனகாலம், சொதி வைத்த இரவுகளில், தேசிக்காய் மூடியை எடுத்துவைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்.