நீச்சல் குளத்தை எப்ப மூடுறது?

நியூஜெர்சியில இருக்கிற எங்க அத்தை பையன் வீட்டுப் பின்பக்கம் ஒரு நீச்சல் குளம் உண்டு. அவனுக்கு இதுல குழப்பமே கிடையாது. செப்டம்பர் முதல் திங்கக்கிழமை அங்க தொழிலாளர் தினம். அது முடிஞ்சதும் குழாய்ல நிக்கிற தண்ணிய ஊதி வெளியேத்திட்டு, மேல பெரிய தார்ப்பாய் இழுத்துக் கட்டிடுவான். இனி மே மாசக் கடைசியிலதான் திறப்பு. முடிவு எடுக்குறது குளிர். இவன் வேலை தார்ப்பாய் கட்டுறது மட்டும்.

நம்ம கதை அப்படியா? அடையாறுல எங்க அபார்ட்மெண்ட் பின்னாடி 8 மீட்டருக்கு 4 மீட்டர்ல ஒரு குட்டிக் குளம். சராசரி ஆழம் 1.2 மீட்டர், ஆக 38,000 லிட்டர் சொச்சம். குளிருக்காக மூடுற பேச்சே இல்ல. மார்கழி விடியக்காலைலகூட இந்த ஊர்ல வெப்பம் 20 டிகிரி பக்கம்தான் நிக்கும். ஆனாலும் வருஷா வருஷம் புரட்டாசி முடியுறப்ப அசோசியேஷன் மீட்டிங்ல இதுக்குத்தான் சண்டை.

மூணாவது மாடி மாமாவுக்கு முழங்கால் தேய்மானம். காலைல அரை மணி நேரம் தண்ணிக்குள்ள நடந்தாதான் அவரால மிச்ச நாளை ஓட்ட முடியுது. (லிஃப்ட் இருக்கேன்னு கேக்காதீங்க. கரண்ட் போற சீசனும் அதேதான் :-)) ரெண்டாவது மாடியில ஒரு குழந்தை போன வருஷம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்துச்சு. "குளத்தைக் காலி பண்ணுங்க, அடுத்தவங்க வீட்டுக் குழந்தைன்னா உங்களுக்கு விளையாட்டா?"ன்னு அந்த அம்மா கேட்டதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியல.

ஆனா காலி பண்றதுதான் இருக்கிறதுலயே மோசமான யோசனை. ஒரு காலி அண்டாவைத் தொட்டித் தண்ணிக்குள்ள அமுக்கிப் பாருங்க, மேல தள்ளும். மழைக்காலத்துல நிலத்தடி நீர் ஏறினதும் காலிக் குளமும் அந்த அண்டா மாதிரிதான். தரை உப்பும், டைல்ஸ் வெடிக்கும், சில சமயம் குளமே தூக்கிக்கும். உள்ள இருக்கிற தண்ணியோட கனம்தான் அதைக் கீழ பிடிச்சு வெச்சிருக்கு. 2015 நவம்பர்ல மட்டும் சென்னையில 100 செ.மீ.க்கு மேல பெஞ்சுது. அந்த மாதிரி மாசத்துல காலிக் குளம் என்ன பாடு படும்னு நினைச்சுப் பாருங்க.

சரி, தண்ணி இருக்கட்டும், தார்ப்பாய் போட்டு மோட்டாரை நிறுத்திடலாமா? தார்ப்பாய் மேலயே மழைத்தண்ணி தேங்கும். டெங்கு கொசுவுக்கு வேண்டியது சாக்கடை இல்ல, தேங்கின நல்ல தண்ணி. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆக, யாரும் குளிக்காட்டியும் மோட்டார் ஓடணும், குளோரின் போடணும். ஒவ்வொரு பெரிய மழைக்கு அப்புறமும் மறுபடி போடணும், ஏன்னா மழை அதை நீர்க்கடிச்சிடும். (மயிலாப்பூர்ல கபாலி கோயில் குளம் நிறைஞ்சா ஊரே எட்டிப் பாக்கும், தைப்பூசத்துக்குத் தெப்பம் விடுவாங்க. நாங்க மட்டும் குளம் நிறைஞ்சா பதறுறோம்.)

நிஜமா மூடினதுன்னா அது 2019 கோடையில. ஏரிங்க வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்த வருஷம். அப்ப எங்க குளத்துத் தண்ணி பக்கெட் பக்கெட்டா கக்கூஸுக்குப் போச்சு. யாரும் மீட்டிங் போடல, சண்டையும் இல்ல.

மழைக்கு மூடுறதுன்னாதான் தேதி கேக்குறாங்க. வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிக்கும், அன்னிக்கு மூடிட்டு பொங்கலுக்குத் திறங்கன்னு ஒரு கட்சி. கார்த்திகைக்குப் பின் மழையில்லைன்னு பழமொழி சொல்லி, டிசம்பர் பாதியிலயே திறக்கச் சொல்றது இன்னொரு கட்சி. 2021 டிசம்பர் 30 மார்கழிதானே? வானிலை மையமே எதிர்பாக்காம, பக்கத்து எம்.ஆர்.சி. நகர்ல ஒரே நாள்ல 20 செ.மீ. கொட்டுச்சு. அதே மழைக்காலத்துல தொடர்ந்து பத்து நாள் வெயில் அடிக்கிறதும் உண்டு. அந்தப் பத்து நாளும் மாமா ஏன் படுத்துக் கிடக்கணும்?

அதனால நான் சொன்னது, சீசனை விடுங்க, தினம் காலைல பாத்து முடிவு பண்ணுவோம். குளத்தடியில இருக்கிற சல்லடை மூடி மேல இருந்து தெளிவாத் தெரியலைன்னா யாரும் இறங்கக் கூடாது. இடி கேட்டா எல்லாரும் வெளிய. மோட்டார் ரூம்ல தண்ணி ஏறினா மெயினை அணைச்சுட்டு, அது வடியுற வரைக்கும் பூட்டு. தண்ணிய மட்டும் எப்பவும் இறக்கவே கூடாது. டைல்ஸ் வேலை இருந்தா ஆகஸ்ட்ல, கிணறு கீழ கிடக்குறப்ப பாத்துக்கலாம்.

"தினம் காலைல யாருப்பா பாக்குறது?"ன்னு மாமா கேட்டார். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. டெங்கு வந்த குழந்தையோட அம்மாதான், "நானும் வரேன், கொசுப்புழு இருக்கான்னு நான் பாக்குறேன்"னாங்க.

போன வாரம் முதல் பெருமழை. மறுநாள் ஆறு மணிக்கு ரெண்டு பேரும் போய்ப் பாத்தோம். கிணத்துல தண்ணி 11 அடியில. குளம் பூரா வேப்பிலை, அடி தெரியல. மாமா துண்டோட நின்னுட்டிருந்தார். "இன்னிக்கு வேணாம் மாமா"ன்னேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டார்.