பந்தியில் ஒரு பல்பு

சேரன்மகாதேவி வீட்டு முன்னறையில் ஒரு பல்பு இருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் எரியும். ஆனால் மங்கவும் நிறம் மாறவும் புளூடூத் வழியே ஒரு செயலி உத்தரவு போட வேண்டும். மாட்டிக் கொடுத்த அண்ணன் மகன் சென்னைக்குப் போய்விட்டான். என் போனில் தேடினால் பல்பின் பெயர் தெரிகிறது. தொட்டால் பதில் இல்லை. அவனைக் கேட்டேன். "அந்த ஆப்பையே எடுத்துட்டானுவ சித்தப்பா, வேற பல்பு வாங்கிப் போடுங்க" என்றான்.

நன்றாக எரிகிற பல்பை எதற்குக் கழற்ற வேண்டும் என்பது என் வயதுக்குரிய எரிச்சல். அதைவிட ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த அறை வரை எட்டும் ரேடியோ அதற்குள் இருக்கிறதே, உலகத்துக் கணினிகளெல்லாம் பேசிக்கொள்ளும் இணைய நெறிமுறையை அதற்கு ஏன் கற்றுக்கொடுக்கவில்லை?

கற்றுக்கொடுக்கத்தான் செய்தார்கள். அந்த நெறிமுறையின் ஆறாம் பதிப்பான ஐபிவி6-ல் முகவரி 128 பிட் நீளம். தாமிரபரணியில் மிஞ்சிய மணலுக்கு மட்டுமல்ல, லாரியேறிப் போன மணலுக்கும் தனித்தனி முகவரி கொடுக்கலாம். பல்புக்கா பஞ்சம்? சிக்கல் வேறு. 1,280 பைட் பொட்டலத்தைச் சுமக்க முடிந்த தடமே ஐபிவி6-க்கு ஆகும். பொட்டலத்தின் தலைப்பு மட்டும் 40 பைட்; அதில் அனுப்புநர், பெறுநர் முகவரிகளே 32. சின்ன பேட்டரியில் மாதக்கணக்காக ஓட வேண்டுமென்று அமைத்த சிக்கன புளூடூத்தோ, தொடக்கத்தில் ஒரு தடவைக்கு 27 பைட்தான் தூக்கும். செய்தி இருக்கட்டும், முகவரிகளே ஏறாது.

இரு முனைக்கும் முன்பே தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது என்று ஒரு வழி கண்டார்கள். ரேடியோவின் சொந்த எண்ணிலிருந்தே முகவரியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அதை அனுப்புவானேன்? பதிப்பு எண் எப்போதும் ஆறுதான், அதுவும் வேண்டாம். நீளத்தைக் கீழடுக்கே சொல்லிவிடும். இப்படிக் கழித்துக் கழித்து, நேருக்கு நேர் இருக்கும் இரண்டு கருவிகளுக்கிடையே 40 பைட்டை 2 பைட்டாக்கினார்கள். பெரிய பொட்டலத்தைத் துண்டு போட்டு அனுப்பி மறுமுனையில் ஒட்டிக்கொண்டார்கள். 2014 டிசம்பரில் புளூடூத் 4.2 வந்தபோதே இதற்கான விதிகளும் வந்தன. 2015 அக்டோபரில் இணையப் பொறியாளர்கள் தம் பங்கை ஆர்.எஃப்.சி. 7668 என்ற எண்ணில் எழுதி முடித்தார்கள்.

எழுதி என்ன? நம் போன்கள் அதைப் பெரும்பாலும் சீண்டவில்லை. அவரவர் பல்புக்கு அவரவர் செயலி, அவரவர் கணக்கு, அவரவர் கடவுச்சொல். தனித்தனிப் பந்தி.

பந்தி என்ற நினைப்பு வந்துவிட்டால் இந்த ஊர்க்காரன் வேறெங்கே போவான்? லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகி, புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்து, திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த வ.வே.சு. ஐயர் 1920-களின் தொடக்கத்தில் இங்கேதான் தமிழ்க் குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்திருந்தது. பொதுப் பணம். அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு என்ற செய்தி வெளியே வந்தது. காங்கிரஸிலேயே இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. காந்தி வரை போயிற்று. 1925 ஜூனில் பாபநாசத்து அருவியில் மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் ஐயர் மாண்டார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். இரண்டு பிள்ளைகளின் இலையை எங்கே போடுவது என்பதில் தமிழ்நாட்டு அரசியலே திசை திரும்பியது. ஐயரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறாத வருத்தம்: அவ்வளவு படித்தவர், அவ்வளவு துணிந்தவர், அந்த ஓர் இலையை நகர்த்திப் போட்டிருக்கலாம்.

பல்புக்கு அவமானம் கிடையாது. மனிதருக்கு நேர்ந்ததை அதன் பக்கத்தில் வைப்பது தகாது. ஆனாலும் பிரித்து வைக்கிறவர்கள் சொல்லும் காரணம் எங்கும் ஒன்றாகவே இருக்கிறது. "எங்களுக்கென்ன, அவர்கள் கேட்டார்கள்" என்பார்கள். குருகுலத்தில் பெற்றோர் கேட்டதாகச் சொன்னார்கள். கம்பெனிகள் வாடிக்கையாளரின் பாதுகாப்பு என்கின்றன. என்னை யாரும் கேட்டதாக நினைவில்லை.

முகவரி கிடைத்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது; பொது மொழியும் வேண்டும். 2022-ல் வெளிவந்த மேட்டர் என்ற நெறிமுறை அந்த மொழியைத் தருகிறது. அதுவும் ஐபிவி6 மீதுதான் நிற்கிறது. ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றும் அதில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. புதுக் கருவியை வீட்டு வலைக்கு அறிமுகம் செய்வதோடு புளூடூத்தின் வேலை அங்கே முடிகிறது. மற்றதை வைஃபையோ, திரெட் என்ற இன்னொரு ரேடியோ வலையோ பார்த்துக்கொள்ளும்.

ஆகவே, கடைக்குப் பல்பு வாங்கப் போகிறவர்கள் எத்தனை வாட் என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். "கம்பெனி ஆப் இல்லாமல் இது வேலை செய்யுமா?" என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பெட்டியைத் திருப்பி மேட்டர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாதா பல்பே போதும், விலையும் குறைவு.