ஒரு சட்டி ஸ்ரூவும் நாலு பேரும்

மாட்டிறைச்சி பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே எங்கட சமூகத்தில் பலரும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். சாப்பிடுகிறவர்களும்தான். நாங்கள் நாலு பேர், பேராதனையில் கலைப்பீடம், ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஒருத்தி முஸ்லிம், ஒருத்தி கத்தோலிக்கம், ரெண்டு பேர் சைவம். அந்த ரெண்டு பேரில் ஒருத்தி எல்லாம் சாப்பிடுவாள், மற்றவள் முட்டையும் தொடமாட்டாள்.

முந்தி இருந்த போடிங்கில் முதல் நிபந்தனையே 'மாட்டிறைச்சி சமைக்கப்படாது' என்பதுதான். மீன், கோழிக்குத் தடையில்லை. பன்றி பற்றி ஒரு சொல்லும் இல்லை. உயிர்க்கொலைதான் பிரச்சினை என்றால் மீனுக்கு உயிர் இல்லையா? அந்த நிபந்தனை மாட்டைப் பற்றியதா, எங்களில் ஒருத்தியைப் பற்றியதா?

நாட்டளவிலும் இதே கதைதான். மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவை உடன்பட்டது. ஆனால் சாப்பிடுகிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சி இறக்கலாமாம். வேறு நாட்டு மாடு செத்தால் பாவமில்லைப் போல! இங்கே தொழில் போவது யாருக்கு என்று யோசித்தால், இரக்கம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று விளங்கும். வடக்கில் எங்கட சைவ ஆக்களிலும் சிலர் இதே குரலில்தான் கதைக்கினம்.

இப்ப இருக்கிற வீட்டில் அப்படித் தடையில்லை. மழைக்காலக் குளிருக்கு மாதத்தில் ஒருக்கா ஸ்ரூ வைப்போம். ஹலால் கடையில் 1 கிலோ கால் இறைச்சி. சவ்வு கூடின துண்டென்றால் இன்னும் நல்லம், மெல்லிய சூட்டில் அந்தச் சவ்வு கரைந்துதான் குழம்பைத் தடிப்பாக்கும். துண்டுகளின் ஈரத்தை ஒற்றி, கோதுமை மாவில் பிரட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிக்க வேணும். ஒரேயடியாகப் போட்டால் தண்ணி விட்டு அவிந்துபோகும், நிறம் வராது. பிறகு வெங்காயம், உள்ளி, தக்காளி, மிளகு, ஒரு துண்டு கறுவா. வெள்ளைக்காரர் வைன் ஊற்றுவார்கள், நாங்கள் ஒரு கரண்டி வினாகிரி. மூடி, சின்ன நெருப்பில் ரெண்டரை மணித்தியாலம். கரட் கடைசி அரை மணித்தியாலத்தில். காஸ் விலைக்குக் கட்டாது என்றால் பிரஷர் குக்கரில் முக்கால் மணித்தியாலம் போதும்.

கிழங்கை உப்புத் தண்ணியில் அவித்து, வடித்து, அதே சட்டியில் ஈரம் காயவிட்டு, சூட்டோடு மசிக்க வேணும். பட்டரும் சுடுபாலும் சேர்த்து அளவாகக் கிளறுங்கோ. கூடக் கிளறினால் பசை மாதிரி ஆகிவிடும்.

முட்டை தொடாதவளுக்குத் தனிச் சட்டியில் காளானும் வெங்காயமும், கரண்டியும் வேறு. அதை அவள் கேட்டு வாங்கவில்லை, எங்களில் யாரோ எப்பவும் முதலில் அவளின்ர சட்டியைத்தான் அடுப்பில் வைப்போம். அவளும் ஒருநாளும் மூக்கைப் பொத்தினதில்லை. எங்களுக்கு இதைப் பெரிய சகிப்புத்தன்மை என்று சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. பக்கத்தில் இருக்கிறவள் என்ன சாப்பிடுவாள் என்று தெரிந்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அந்த போடிங்கில் யாரும் எங்களிடம் கேட்காத கேள்வியும் அதுதான்.

கிழங்கு மசியல் நாலு பேருக்கும் பொது. ஸ்ரூ மிஞ்சினால் அடுத்தநாள் றோஸ் பாணோடு சாப்பிடுங்கோ, முதல்நாளைவிட ருசி.