இரத்து என்றால் சுழியம் அன்று

அரசியலும் இலக்கியமும் எழுதிவரும் இவ்விடத்தில் இம்முறை ஒரு கணினிச் சங்கதி. கலைப்பட்டதாரிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பத்தொன்பது புகைப்படங்களை என் கையாலேயே அழித்தவன் என்ற தகுதி எனக்குண்டு. அதுவும், 'கேன்சல்' என்ற பொத்தானை மூன்று முறை அழுத்தி அழித்தேன்.

கண்டி வாவிக்கரையிலிருந்து மேலேறும் வீதியில் சற்றுத் தூரம் சென்றால் அம்பிட்டிய. 1893 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ காலத்தில் நிறுவப்பட்ட குருமடத்தால் வெளியுலகம் அறிந்த ஊர். அக்குருமடம் 1955 இல் பூனாவுக்குப் பெயர்ந்தது. இலங்கைக்கான தேசிய குருமடம் அதே வளாகத்தில் இயங்குகிறது. ஊர் அழகுதான். ஆனால் அதன் ஈரம் பழைய புகைப்படங்களுக்குப் பகை. ஆல்பத்தைத் திறந்தால் முகங்களின் மேல் பூஞ்சணம் பூத்திருக்கும். அதனாற்றான் அயலவர்களின் பழைய படங்களை இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, கணினியில் சேர்த்துவைக்கும் வேலையைத் தொடங்கினேன்.

அவற்றிற் பெரும்பாலானவை பிரிவுப் படங்கள். 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் சிறிமா – இந்திரா உடன்பாடு பாதிக்குப் பாதியாகப் பிரித்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஏறுவதற்கு முன், போகிறவரும் நிற்பவரும் ஒன்றாக ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. எங்கள் அயலில் வசிக்கும் ஓர் அக்காவிடம் அப்படியொரு படம் இருந்தது. 1972 இல் எடுத்தது. அதில் பதினான்கு பேர். அவர் கணவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்ததால் அவர் நின்றுவிட்டார். அப்பாவும் தம்பிமாரும் கோத்தகிரிக்குப் போய்விட்டார்கள்.

படங்கள் அறுபத்துமூன்று சேர்ந்தபோது, அவற்றைச் சிறிதாக்கி உறவினர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப விரும்பினேன். ஒவ்வொன்றாகச் செய்யப் பொறுமையில்லை. பேராதனையில் படிக்கும் என் சகோதரியின் மகன், "நான் ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதித் தாரேன் மாமா" என்றான்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1996 இல் வந்த போட்டோஷாப் நான்காம் பதிப்பு முதல், செய்த வேலைகளைப் பதிவுசெய்து மீண்டும் ஓட்டும் 'ஆக்ஷன்' வசதி உண்டு. 2003 இல் வந்த சிஎஸ் பதிப்பிலிருந்து, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் நிரல் எழுதி மென்பொருளையே ஆட்டிவைக்கும் வசதி உள்ளேயே அமைந்துவிட்டது. (போட்டோஷாப் திறக்கும்போது எழும் பெயர்ப்பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.) என் பழைய கணினியில் இருப்பது 2007 இல் வெளிவந்த சிஎஸ்3. அதுவே எனக்குப் போதும்.

ஸ்கிரிப்டை ஓட்டினேன். எந்தக் கோப்புறையிலிருந்து படங்களை எடுப்பது என்று கேட்டது, காட்டினேன். எங்கே சேமிப்பது என்று கேட்டது. அப்போதுதான், பிரதிகள் இருந்த கோப்புறைக்குப் பதிலாக மூலப்படங்கள் இருந்ததைக் காட்டிவிட்டேன் என்பது உறைத்தது. நல்லகாலம் என்று 'கேன்சல்' அழுத்தினேன். நிற்கவில்லை. படத்தின் தரம் எவ்வளவு, 0 முதல் 12 வரை ஓர் எண் கொடு என்றது. மீண்டும் 'கேன்சல்'. திரையில் படங்கள் திறந்து மூடத் தொடங்கின. பதறிப்போய் எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தேன். ஒரு கணம் தயங்கி, அடுத்த படத்துக்குப் போயிற்று. கடைசியில் சுவரிலிருந்த மின்செருகியைப் பிடுங்கினேன். அதற்குள் பத்தொன்பது படங்கள் போய்விட்டன.

மருமகன் வந்து நிரலைத் திறந்தான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, நீங்க மூணு தடவையும் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றான்.

அவன் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். கோப்புறை கேட்கும் பெட்டியில் கேன்சல் அழுத்தினால் போட்டோஷாப் 'நல்' என்ற வெறுமையைத் திருப்பித் தரும். 'இடம் எதுவும் சொல்லப்படவில்லை; ஆகவே எடுத்த இடத்திலேயே சேமி' என்று அவன் எழுதியிருந்தான். வசதிக்காக எழுதியதுதான். எண் கேட்கும் பெட்டியும் அப்படியே 'நல்' தரும். அதை எண்ணாக்கும்படி நிரல் கட்டளையிட்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் அந்த வெறுமையை எண்ணாக்கினால் வருவது சுழியம். 0 முதல் 12 வரையான அளவில் சுழியம் செல்லுபடியான விடை! 'வேண்டாம்' என்று நான் சொன்னதை, 'மிகக் கீழான தரம் வேண்டும்' என்று கணினி கேட்டுக்கொண்டது. மனிதர் பேச்சில் இவ்வளவு கொடிய தவறான மொழிபெயர்ப்பை நான் கண்டதில்லை. செய்திமேசையில் பல கண்டவன் நான்.

மூன்றாவது எஸ்கேப். ஐபிஎம்மில் பணியாற்றிய பாப் பெமர் 1960 இல் அந்தக் குறியை உண்டாக்கியது ஒரு குறியீட்டு முறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு. தப்பியோடும் விசையாக அது மாறியது பின்னர். போட்டோஷாப் ஒரு வேலையில் இருக்கும்போது அதை அழுத்தினால், நிரலுக்குள் ஒரு பிழை எழும். அதன் இலக்கம் 8007. 'பயனர் இரத்துச் செய்தார்' என்று பொருள். ஏதாவதொரு படம் பழுதாயிருந்தால் முழு வேலையும் நின்றுவிடக் கூடாதே என்று, எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போ என்று மருமகன் எழுதியிருந்தான். நிரல் 8007 ஐயும் விழுங்கிவிட்டது. பழுதான கோப்பும் பதறிய மனிதனும் அதற்கு ஒன்றே.

இந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் முன்பே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மாக்கின் ஆப்பிள்ஸ்கிரிப்டில் இரத்துக்கென்றே -128 என்ற இலக்கம் இருக்கிறது. இலவச மென்பொருளான கிம்ப், ஒரு செருகுநிரல் முடிந்ததும் தரவேண்டிய நிலைகளில் வெற்றிக்கும் பிழைக்கும் அப்பால் 'இரத்து' என்று தனியாகவே ஒன்றை வைத்திருக்கிறது. போட்டோஷாப்பின் புதிய நிரலாக்க முறையிலோ, பயனர் இரத்துச் செய்தாரா என்று நிரல் இடையிடையே கேட்டறியலாம். செய்த மாற்றங்களை ஒட்டுமொத்தமாகக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பவும் வழியுண்டு. ஆனால் அந்தத் திரும்புதல் திறந்திருக்கும் படத்துக்கு மட்டுமே. வட்டில் மேலெழுதி மூடிவிட்ட கோப்பை எந்த 'ஹிஸ்டரி'யும் மீட்காது.

அச்சகத்தில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. சுழலும் இயந்திரத்தை நிறுத்து என்று ஆசிரியர் கத்தினால், அனுபவசாலியான ஃபோர்மன் நிறுத்திவிட்டுக் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை பிரதி வெளியே போயிற்று?" என்பதுதான். நிறுத்துவது பாதி வேலை. ஏற்கெனவே அச்சானவற்றை என்ன செய்வது என்பது மீதிப் பாதி. எங்கள் ஸ்கிரிப்டில் இரண்டு பாதியும் இல்லை. போதாக்குறைக்கு, நிரல் தன் வசதிக்காக அளவுகோலைப் பிக்சலுக்கு மாற்றியிருந்தது. மறுமுறை போட்டோஷாப்பைத் திறந்தபோது என் சென்றிமீற்றர் அளவுகோலைக் காணவில்லை. சிறிய விடயந்தான், ஆனால் விருந்தாளி நாற்காலியை இடம்மாற்றிவிட்டுச் சொல்லாமற் போனதுபோல் இருந்தது.

அழிந்த பத்தொன்பதில் பதினெட்டை மீண்டும் இரவல் வாங்கி ஸ்கேன் செய்தேன். பத்தொன்பதாவது அக்காவின் ஸ்டூடியோப் படம். 'பிரதிதான் தம்பிகிட்ட இருக்கே' என்ற தைரியத்தில், கோத்தகிரியிலிருந்து வந்த தம்பி மகளிடம் அவர் அசலைக் கொடுத்தனுப்பிவிட்டார். என்னிடம் மிஞ்சியது 640 பிக்சல் அகலத்தில், சுழியத் தரத்தில் ஒன்று. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. தரம் தாழ்ந்தால் அந்தக் கட்டங்கள் பல்லிளிக்கும். பதினான்கு பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்துக்கு எத்தனை கட்டம் கிடைக்கும்? அகலத்துக்கு மூன்று. கண் எது, நிழல் எது என்று தெரியாது.

மறைப்பது முறையன்று என்று அக்காவிடம் போய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "தம்பி, இதுல எங்கப்பா மூஞ்சி எது?" என்று கேட்டார். நான் நடுவிலிருந்த கட்டங்களைக் காட்டினேன்.

மருமகன் இரண்டு நாள் இருந்து நிரலைத் திருத்தினான். இப்போது எந்தப் பெட்டி 'நல்' தந்தாலும் அங்கேயே நிற்கிறது. 8007 வந்தால் பிழையென்று கணக்கிடாமல், சுற்றிலிருந்து வெளியேறுகிறது. புதிய படங்கள் முதலில் ஒரு தற்காலிகக் கோப்புறைக்குப் போகின்றன. மூலத்தை அது தொடுவதே இல்லை. எப்படி முடிந்தாலும் அளவுகோலைப் பழையபடி வைத்துவிட்டு, எத்தனை படம் முடிந்தது, எத்தனை மிச்சம் என்று ஒரு வரி சொல்கிறது. பிரதிகளை வைத்துச் சோதித்தோம். "இப்ப கேன்சல் அழுத்துங்க மாமா" என்றான். விரலை எடுத்துப்போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

கோத்தகிரியில் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பல வருடத்து ஈரம் ஏறிய தாள். இப்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டதாம், பிரித்தால் மேற்பரப்பு உரிந்து வந்துவிடும். கண்ணாடிக்கு மேலாகவே கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பினார்கள். பன்னிரண்டு முகங்கள் தெளிவாக வந்திருக்கின்றன. நடுவில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருக்கிறது. மேகமூட்டமான நாளில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டிலிருந்து இன்னொன்று எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.