பந்து கோட்டைத் தாண்டிவிட்டது



போன தடவை இந்தச் சுவரிதழில் நான் மயிலைப் பற்றி எழுதினேன். அதைப் படித்தது மொத்தம் மூன்று பேர், அதில் ஒருத்தி என் பக்கத்து பெஞ்ச். இந்தத் தடவை கால்பந்து. தயவுசெய்து கடைசி வரைக்கும் படியுங்கள், விஷயம் கடைசியில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அண்ணன். மேட்ச் இருக்கிற ராத்திரியில் அண்ணனின் கூட்டாளிகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். செல்போனைத் தறி மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். அம்மாவுக்கு அது பிடிக்காது. பட்டு நூல் மேல் முறுக்குத் தூள் விழும் என்பார்கள். நான் மூலையில் தார் சுற்றுகிற மாதிரி உட்கார்ந்து மேட்ச் பார்ப்பேன். அப்படித்தான் எனக்குக் கால்பந்து வந்தது.

மேட்சை விடச் சண்டைதான் நன்றாக இருக்கும். அண்ணன் சென்னையின் எஃப்.சி. கட்சி. சித்தப்பா கேரளா பிளாஸ்டர்ஸ் கட்சி. ஏன் என்று கேட்டால், அந்த மஞ்சள் சட்டைக் கூட்டத்தைப் பார்த்தாலே உடம்பு சிலிர்க்குது என்பார். அண்ணன் உடனே 2015, 2018 என்று இரண்டு கோப்பையை எடுத்து விடுவான். 2018 மார்ச் 17-ல் பெங்களூருவிலேயே போய், பெங்களூரு அணியை 3-2 என்று ஜெயித்தது. அதில் மெயில்சன் ஆல்வஸ் என்கிற தடுப்பாட்டக்காரர் தலையாலேயே இரண்டு கோல் போட்டார். இதை அண்ணன் நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

"எப்பவோ துன்ன பிரியாணிக்கு இன்னும் கைய மோந்துக்கினு இருக்கான் பாரு" என்பார் சித்தப்பா. "2024-25-ல பதிமூணு டீம்ல பதினொண்ணாவது வந்தியே, அத சொல்லு."

"மூணு பைனல் போயி மூணுலயும் தோத்தது யாரு? 2014, 2016, 2022. நான் சொல்லட்டுமா?"

இப்படியே போகும். தோற்றால் காயத்தின் மேல் பழி, அதுவும் இல்லையென்றால் ரெப்ரி மேல் பழி. ஜெயித்தால் மட்டும் ரெப்ரி நல்லவர். இதை நான் ஒருநாள் சொன்னதற்கு அண்ணன் என் தலையில் குட்டினான்.

இந்திய அணி ஆடும்போது மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. 2024 ஜூன் 11-ம் தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் எட்டாம் வகுப்பு, பள்ளி திறந்து இரண்டாம் நாள். கத்தாரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று மேட்ச். ஐந்து நாள் முன்னால்தான் கொல்கத்தாவில் சுனில் சேத்ரி, இதுதான் கடைசி என்று சொல்லி ஒரு மேட்சை ஆடி முடித்திருந்தார். சந்தேஷ் ஜிங்கனும் இல்லை, அந்த வருஷம் ஜனவரியில் ஆசியக் கோப்பையில் முழங்காலில் அடிபட்டவர். "இவங்க ரெண்டு பேரும் இல்லாம இன்னாத்த ஆடப்போறாங்க" என்று சித்தப்பா முன்னாலேயே கை கழுவிவிட்டார். ஆனால் 37-வது நிமிடத்தில் சாங்தே கோல் போட்டார்! அம்மாகூட அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இந்தியா அதுவரை ஒருமுறைகூட மூன்றாவது சுற்றுக்குப் போனதில்லை. அன்றைக்கு ஜெயித்தால் போகலாம்.

73-வது நிமிடம். கத்தாருக்கு ப்ரீ கிக். யூசுப் அய்மன் தலையால் முட்டினார், நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுத்துவிட்டார். பந்து அவரைத் தாண்டி உருண்டு, கம்பத்துக்கு வெளிப்பக்கமாகக் கோட்டைக் கடந்து போய்விட்டது. நம் ஆட்கள் கோல் கிக் என்று நினைத்து நின்றுவிட்டார்கள். அதற்குள் ஒரு கத்தார் ஆட்டக்காரர் பந்தைக் காலால் உள்ளே இழுத்துவிட, அய்மன் அதை வலைக்குள் தள்ளிவிட்டார். தென்கொரிய நடுவர் கோல் கொடுத்தார். எங்கள் வீட்டுச் சின்ன செல்போனிலேயே பந்து வெளியே போனது தெரிந்தது. 85-வது நிமிடத்தில் இன்னொரு கோல். 2-1. அவ்வளவுதான், மூன்றாவது சுற்றும் போச்சு.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை சண்டை. எல்லாரும் சொன்னது ஒன்றுதான், 'வார்' இருந்திருந்தால் தப்பித்திருப்போம். வார் என்றால் வீடியோ நடுவர். ஒரு அறையில் உட்கார்ந்து பல கேமராக்களின் படத்தைப் பார்த்து மைதானத்து நடுவருக்குச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் சொல்ல மாட்டார்கள். அப்போது கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை கொடுத்தது ஆகிய நான்குக்குத்தான் சொன்னார்கள். 2018 உலகக் கோப்பையிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தகுதிப் போட்டியில் இரண்டாவது சுற்றுக்கு அது கிடையாது. மூன்றாவது சுற்றிலிருந்துதான். நம்மை மூன்றாவது சுற்றுக்குப் போகவிடாமல் செய்த தப்பைப் பிடிக்கிற கருவி மூன்றாவது சுற்றில் இருந்தது!

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். 2022 டிசம்பர் 1-ல் அதே கத்தாரில் ஜப்பானும் ஸ்பெயினும் ஆடினார்கள். மிதோமா எல்லைக் கோட்டில் பந்தை உள்ளே இழுத்துவிட்டார், தனகா கோல் போட்டார். டி.வி.யில் பந்து வெளியே போன மாதிரிதான் இருந்தது. ஆனால் வார் மேலேயிருந்து பார்த்து, பந்தின் விளிம்பு சில மில்லிமீட்டர் கோட்டுக்கு மேலேயே இருந்தது என்று கோல் கொடுத்தது. ஜப்பான் ஜெயித்தது, ஜெர்மனி வீட்டுக்குப் போனது. எனக்கு முதலில் இது புரியவில்லை. அண்ணன் தரையில் ஒரு ஜரிகை இழையைப் போட்டு, அம்மாவிடம் எலுமிச்சம்பழம் வாங்கி உருட்டிக் காட்டினான். பழம் தரையைத் தொடுகிற இடம் இழைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் பழத்தின் வயிறு இழைக்கு மேலேயே இருந்தது! முழுப் பந்தும் முழுக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. (அந்தப் பழத்தை மறுநாள் ரசத்தில் பிழிந்தோம்.)

"வார் இருந்தா மட்டும் கிழிச்சிடுமா?" என்று ஜரிகைக் கடையில் வேலை செய்கிற ஒரு அண்ணா கேட்டார். 2023 செப்டம்பர் 30-ல் டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் தியாஸ் நல்ல கோல் போட்டார். மைதானத்தில் ஆஃப்சைடு என்று கொடி தூக்கிவிட்டார்கள். வீடியோ அறையில் இருந்தவர்களுக்குக் கோல் சரி என்று தெரிந்தது. ஆனால் மைதானத்தில் கோல்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று தப்பாக நினைத்துக்கொண்டு, 'சோதனை முடிந்தது' என்று சொல்லிவிட்டார்கள். கோல் போச்சு. கேமரா சரியாகப் பார்த்தும் ஆள் தப்பு செய்துவிட்டார்.

அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. அவருக்குக் கால்பந்து பிடிக்காது. நாளைக்குத் தறிக்கு வேண்டிய நாடாக்களை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெப்ரி பாக்கல, சரி. பந்த இழுத்த அந்தப் பையனுக்குத் தெரியும் இல்ல?"

யாரும் பதில் சொல்லவில்லை. "அதெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்கண்ணா" என்று சித்தப்பா மட்டும் சிரித்தார். நான்தான் கத்தினேன், "ஏமாத்துக்காரன்பா அவன்!" என்று.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷம் குறுவட்டப் போட்டியில் நம் பெண்கள் அணி முதல் மேட்ச் 1-0 என்று ஜெயித்தது உங்களுக்குத் தெரியும். காலைக் கூட்டத்தில் கைதட்டினீர்கள். நம் அணியில் நன்றாக ஆடுகிறவளுக்கு முதல் நாள் கணுக்கால் பிசகிவிட்டதால்தான் பி.டி. சார் என்னை இறக்கினார். எனக்குக் கை கால் எல்லாம் நடுக்கம். அவள் இருந்தால் ஜெயித்திருப்போம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

முன்னாள் ராத்திரி பெய்த மழையில் சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்திருந்தது. கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது பந்து கோல் பக்கத்தில் எல்லையை நோக்கி உருண்டது. நான் துரத்தினேன். அந்த இடத்தில் கோடு அழியவில்லை, வெள்ளையாக இருந்தது. பந்து அதைத் தாண்டி ஒரு ஜாண் போய்விட்டது. அவர்கள் கோல்கீப்பர் கையை இறக்கிவிட்டு நின்றுவிட்டாள். நான் இழுத்து உள்ளே தட்டினேன். நம்மவள் ஒருத்தி ஓடிவந்து அடித்தாள். கோல்!

நடுவர் தூரத்தில் இருந்தார். எங்கள் ஓட்டத்தில் மறைந்திருக்கும். அந்தக் கோல்கீப்பர், "சார், வெளிய போச்சு சார்" என்று ஓடினாள். நடுவர் என்னைப் பார்த்து, "போச்சாம்மா?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு ஷூ லேஸ் கட்டினேன். லேஸ் அவிழவே இல்லை.

2023 மார்ச் 3-ல் பெங்களூருவில், தாங்கள் தயாராகும் முன்பே சேத்ரி ப்ரீ கிக் அடித்துவிட்டார் என்று கேரளா பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டே வெளியேறினார்கள். அதற்கு 4 கோடி ரூபாய் அபராதம். இந்தப் பெண்கள் அப்படிப் போகவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே மீதி ஐந்து நிமிடத்தையும் ஆடினார்கள். முடிந்ததும் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். கோல்கீப்பரின் உள்ளங்கை முழுக்கச் சேறு.

அன்று வீட்டில் அண்ணன் எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தான். சித்தப்பா, "நம்ம வீட்டு சாங்தே" என்றார். அப்பா தறியிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அடுத்த மேட்சில் நாம் 3-0 என்று தோற்றதில், உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அணித் தோழிகளே, என் மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. கோல் அடித்தவளுக்கு எதுவும் தெரியாது, அவளை யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள். பி.டி. சாரிடம் திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பள்ளி பி.டி. டீச்சருக்கு போன் பண்ணுகிறேன் என்றார். தமிழம்மா இதைப் படித்துவிட்டு, "ஒட்டிடலாமா? நல்லா யோசிச்சியா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் சொல்ல வேண்டும்.

அந்தக் கோல்கீப்பரின் பெயர் எனக்குத் தெரியாது. சிவப்பு ரிப்பன், இரட்டைச் சடை, இடது கையில் மட்டும் கையுறை போட்டிருந்தாள். அவள் பள்ளியில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது படித்தால் பெயரை விசாரித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அணியின் இடது ஓரம்,
ஒன்பதாம் வகுப்பு